டர்போ பிக்கப்புக்கு ஸ்பார்க் பிளக்: எதை வாங்குவது, எதை விட்டுவிடுவது

கேள்வி: என் பிக்கப் டிரக்கில் இருப்பது டர்போ பெட்ரோல் இன்ஜின், ஆறு சிலிண்டர். டிரெய்லரை மாட்டிக்கொண்டு மேட்டில் ஏறும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினால் திக்கித் திக்கி இழுக்கிறது. சும்மா ஸ்டார்ட் செய்து நிறுத்தினால் ஒரு குறையும் தெரியவில்லை. ஒர்க்‌ஷாப்பில் ஆறு பிளக், ஆறு காயில் (பிளக்குக்கு உயர் வோல்டேஜ் கொடுக்கும் பாகம்) என்று பெரிய பட்டியல் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். பிளக்கை மட்டும் நானே வீட்டில் மாற்றலாமா? எதை வாங்குவது?

பதில்: தாராளமாக மாற்றலாம். ஸ்பானர் பிடித்துப் பழக்கம் இருந்து, அவசரப்படாமல் செய்யும் பொறுமையும் இருந்தால் போதும். ஆனால் டர்போ இன்ஜின் பிளக் விஷயத்தில் கொஞ்சம் கறாரானது, சாதாரண இன்ஜினில் கண்டுகொள்ளாமல் விடக்கூடிய சின்னத் தவறைக்கூட இது காட்டிக்கொடுத்துவிடும், அதனால் வாங்கும்போதே சரியானதை வாங்கிவிட வேண்டும்.

நீங்கள் சொல்லும் அறிகுறியிலேயே பாதி விடை இருக்கிறது. பிளக்கின் இரண்டு முனைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியைத் தாண்டித்தான் பொறி பாய வேண்டும். சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தமாக அடைந்திருக்கிறதோ அவ்வளவு அதிக வோல்டேஜ் அந்தத் தாண்டலுக்குத் தேவை. வண்டி சும்மா நிற்கும்போது டர்போ ஒன்றும் பெரிதாகத் திணிப்பதில்லை, பொறி சுலபமாகப் பாய்ந்துவிடும். மேட்டில் பாரம் இழுக்கும்போதுதான் டர்போ முழு மூச்சில் காற்றைத் திணிக்கிறது, அப்போது தேய்ந்துபோய் இடைவெளி கூடிய பிளக்கில் பொறி பாய முடியாமல், பெட்ரோல் எரியாமல் மிஸ்ஸிங் அடிக்கிறது. டர்போ இல்லாத இன்ஜினில் 1.1 மிமீ இடைவெளி சகஜம். ஃபோர்டு எஃப்-150யில் 2011 மாடலில் வந்த 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட் வி6க்கோ சுமார் 0.75 முதல் 0.85 மிமீ வரைதான். இதில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் பாரம் ஏறும்போது தெரிந்துவிடும்.

எல்லா மிஸ்ஸிங்கும் பிளக்கால்தான் என்று நினைத்துவிடவும் வேண்டாம். இதே இன்ஜின் போட்ட ஆரம்பகால எஃப்-150 வண்டிகளில், காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குள் ஈரம் தேங்கி, திடீரென்று முழு வேகம் கொடுக்கும்போது அந்த நீர் உள்ளே போய் மிஸ்ஸிங் வந்த பிரச்சினை உண்டு. இருந்தாலும் பிளக் கிலோமீட்டர் முடிந்த வண்டி என்றால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் எப்படியும் மாற்றியே ஆக வேண்டிய பொருள் அது. மேனுவலில் சாதாரண ஓட்டத்துக்கு ஒரு கெடு, கடினமான ஓட்டத்துக்கு ஒரு கெடு என்று தனித்தனியாகப் போட்டிருந்தால், டிரெய்லர் இழுக்கும் உங்களுக்கு இரண்டாவதுதான் பொருந்தும். பலர் முதல் வரியை மட்டும் படித்துவிட்டு இன்னும் நாள் இருக்கிறது என்று ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

தள்ளிப்போடக்கூடாததற்குக் காரணம் இருக்கிறது. எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் எரிந்து அதை உருக்கிவிடும். செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் சீக்கிரம் பாருங்கள் என்று அர்த்தம், விட்டு விட்டு மின்னினால் உடனே பாரத்தைக் குறைத்து வண்டியை ஓரம்கட்டுங்கள் என்று அர்த்தம். கன்வெர்ட்டர் விலையோடு ஒப்பிட்டால் ஒரு செட் பிளக் ஒன்றுமே இல்லை.

சரி, எதை வாங்குவது? இன்ஜின் தயாரிப்பாளர் சொன்ன பார்ட் நம்பர், இல்லையென்றால் பிளக் கம்பெனியின் பட்டியலில் உங்கள் மாடல், வருடம், இன்ஜின் மூன்றையும் போட்டுப் பார்த்தால் வரும் அதே ரகம். மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள், ஒரே பிக்கப் நாலு விதமான இன்ஜினோடு வருகிறது. பழைய பிளக்கைக் கழற்றிக் காட்டி அதே மாதிரி வாங்குவதும் ஆபத்துதான், முன்பு இருந்தவர் தப்பானதைப் போட்டிருந்தால் நீங்களும் அதையே தொடர்வீர்கள்.

பிளக்கில் இருக்கும் சூட்டு எண்ணையும் கவனியுங்கள். உள்ளே சேரும் சூட்டைப் பிளக் எவ்வளவு வேகமாக இன்ஜின் ஹெட்டுக்கு (சிலிண்டர்களின் மேல்மூடி) கடத்துகிறது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. என்ஜிகே, டென்சோ இரண்டிலும் எண் கூடினால் குளிர்ந்த ரகம், பாஷ், சாம்பியன் இரண்டிலும் எண் கூடினால் சூடான ரகம். கம்பெனி மாற்றி வாங்கும்போது இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். டர்போவில் சூடான ரகம் போட்டால் பிளக் முனையே தீப்பிழம்பாகி, பொறி வருவதற்கு முன்பே பெட்ரோலைப் பற்றவைத்து பிஸ்டனைப் பதம் பார்த்துவிடும். இன்ஜினுக்குக் கூடுதல் பூஸ்ட் (டர்போ திணிக்கும் காற்றழுத்தம்) வைத்து டியூன் செய்தவர்கள் ஒரு படி குளிர்ந்ததைப் போடுவார்கள். அப்படி எதுவும் செய்யாத வண்டிக்கு அது வேண்டாம், கரி பிடித்து வேறு தொல்லை கொடுக்கும்.

கேள்வி: காப்பர், பிளாட்டினம், இரிடியம் என்று மூன்று விலையில் இருக்கிறது. இரிடியம் போட்டால் பவர் கூடும், மைலேஜ் கூடும் என்கிறார்களே?

பதில்: பழைய பிளக் தேய்ந்து போயிருந்தால், எந்தப் புதுப் பிளக் போட்டாலும் இழந்த பவர் திரும்பி வரும். அதைத்தான் இரிடியத்தின் மகிமை என்று விற்கிறார்கள். இரிடியத்தின் உண்மையான பலம் அதன் தேய்மானம் குறைவு என்பதுதான். நிக்கல் 1,455 டிகிரி செல்சியஸில் உருகும், பிளாட்டினம் 1,768, இரிடியம் 2,446. அதனால் நடு முனையை அரை மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிசாகவே செய்ய முடிகிறது, மெல்லிய முனையில் குறைந்த வோல்டேஜிலேயே பொறி பாயும், டர்போவுக்கு இது நிஜமாகவே உதவுகிற குணம். காப்பர் என்று சொல்வது உள்ளே இருக்கும் செம்புத் தண்டை வைத்து. முனையில் இருப்பது நிக்கல் கலவைதான், சீக்கிரம் தேயும். உங்கள் வண்டிக்கு இரிடியம் என்று சொல்லியிருந்தால் இரிடியமே வாங்குங்கள், அங்கே மிச்சம் பிடிக்க வேண்டாம். மூன்று கால், நாலு கால் வைத்துப் பளபளப்பான டப்பாவில் வரும் ரகங்களை உங்கள் இன்ஜின் பட்டியலில் இல்லையென்றால் தொடவே வேண்டாம்.

இதில் டூப்ளிகேட் நிறைய. நடு முனை சரியாக மையத்தில் இல்லாதது, பீங்கானில் எழுத்து மங்கலாக இருப்பது, வாஷர் கையால் சுற்றினாலே கழன்று வருவது, இப்படி எதைப் பார்த்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மற்ற எல்லா இடத்தையும்விட பாதி விலைக்கு ஒருவர் இரிடியம் கொடுக்கிறார் என்றால் உள்ளே இரிடியம் இருக்க வாய்ப்பில்லை.

டப்பாவில் ஏற்கெனவே கேப் (முனைகளின் இடைவெளி) வைத்தது என்று எழுதியிருந்தாலும் ஒருமுறை அளந்து பாருங்கள், ஒரே நம்பர் பல இன்ஜினுக்குப் போகும். கம்பி கேஜ் வைத்து அளக்க வேண்டும். கூட்டவோ குறைக்கவோ வேண்டியிருந்தால் வளைந்த வெளிக் காலை மட்டும் மெதுவாக அசைக்கலாம். நடு முனையில் நெம்பினால் அந்த மெல்லிய இரிடியம் உடைந்துவிடும், பீங்கானும் கீறல் விடும்.

கேள்வி: பிளக் மாற்றும்போது காயிலையும் சேர்த்து மாற்றுவது நல்லது என்கிறார்கள். சரியா?

பதில்: கெட்டுப்போகாத காயிலை மாற்றத் தேவையில்லை. வண்டியின் பழுதுக் கோடைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரில் பி0303 என்று வந்தால் மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஸிங். அந்தக் காயிலைக் கழற்றி நாலாவதில் போட்டு, நாலாவதை மூன்றில் போட்டு ஓட்டிப் பாருங்கள். கோட் பி0304 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி, அதை மட்டும் வாங்கினால் போதும். மாறாமல் அதே மூன்றில் நின்றால் பிளக், இன்ஜெக்டர் பக்கம் பார்க்க வேண்டும். ஆறு காயிலுக்குப் பட்டியல் போட்டவரிடம் இந்தச் சோதனையைச் செய்தீர்களா என்று கேளுங்கள்.

கேள்வி: பிளக் உள்ளேயே உடைந்துவிடும், மரை போய்விடும் என்று பயமுறுத்துகிறார்கள். கழற்றும் முறையையும் என்ன டூல் வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

பதில்: உடைவதில் பேர்போனது ஃபோர்டின் 5.4 லிட்டர், மூன்று வால்வு வி8, 2004 மாடல் எஃப்-150யில் வந்தது. அதன் பிளக் இரண்டு துண்டாகச் செய்யப்பட்டது, நீண்ட கீழ்ப்பகுதியில் கரி பிடித்துக்கொண்டு திருகும்போது அது உள்ளேயே நின்றுவிடும். அந்த இன்ஜினில் டர்போ கிடையாது. அந்தக் கதையை எல்லா பிக்கப்புக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

மரை போவதுதான் நிஜமான பயம், ஏனென்றால் ஹெட் அலுமினியம், பிளக் இரும்பு. அதனால் இன்ஜின் முழுக்க ஆறியபிறகு, முடிந்தால் ராத்திரி நிறுத்திய வண்டியைக் காலையில் தொடுங்கள். டர்போ பக்கம் ரொம்ப நேரம் சூடு நிற்கும். காற்றுக் குழாயைக் கழற்ற வேண்டியிருந்தால் திறந்த வாயைச் சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள், அதற்குள் ஒரு சின்ன ஸ்குரூ விழுந்தால் டர்போவின் சக்கரம் காலி.

காயில் கனெக்டரின் பூட்டு பழைய வண்டியில் மொறுமொறுவென்று உடையும், பொறுமையாக அழுத்தி இழுங்கள். போல்டை எடுத்துவிட்டு, காயிலை லேசாக இப்படியும் அப்படியும் திருப்பி மேலே உருவ வேண்டும். பிறகு குழிக்குள் காற்று அடித்து மண்ணை வெளியேற்றுங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு. இந்த வேலையை விட்டுவிட்டுப் பிளக்கைக் கழற்றினால் அத்தனை மண்ணும் சிலிண்டருக்குள் போகும். குழிக்குள் ஆயில் தேங்கியிருந்தால் மேல் கவரின் சீல் போய்விட்டது, அதைச் சரிசெய்யாமல் புதுக் காயில் போட்டாலும் நிலைக்காது.

கால் சுற்று தளர்த்தியதும் இறுக்கமாகவே வந்தால் முரட்டுத்தனமாகத் திருகாதீர்கள். மரையில் ஊடுருவும் எண்ணெய் கொஞ்சம் விட்டு, காத்திருந்து, முன்னும் பின்னுமாக அசைத்து எடுங்கள்.

போடும்போது ராட்செட்டைத் தொடவே கூடாது. சாக்கெட்டும் எக்ஸ்டென்ஷனும் மட்டும் விரலில் பிடித்து, முதலில் இடதுபக்கம் மெதுவாகச் சுற்றினால் மரை பொருந்தும் இடத்தில் ஒரு சின்ன சொடக்கு தெரியும், அங்கிருந்து வலதுபக்கம். உட்காரும்வரை விரலாலேயே இறங்க வேண்டும். நடுவில் முரண்டினால் வெளியே எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். கடைசி இறுக்கம் மட்டும், இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சில். அலுமினிய ஹெட்டில், வாஷர் உள்ள 12 மிமீ மரைக்குப் பொதுவாக 15 முதல் 20 நியூட்டன் மீட்டர், 14 மிமீக்கு 25 முதல் 30. உங்கள் மேனுவல் வேறு சொன்னால் மேனுவல் சொல்வதுதான் சரி. சக்கர நட்டுக்கு வைத்திருக்கும் பெரிய ரெஞ்ச் இந்தச் சின்ன அளவில் நம்பகமாக வேலை செய்யாது, சின்னது ஒன்று வாங்குங்கள். இந்த வேலையில் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க வேண்டிய டூல் இது ஒன்றுதான், காந்தம் வைத்த பிளக் சாக்கெட் விலை குறைவு.

மரை இறுகிப் பிடித்துக்கொள்ளாமலிருக்க ஆன்டிசீஸ் கிரீஸ் தடவச் சொல்வார்கள். பூச்சு போட்டு வரும் இன்றைய பிளக்குகளுக்கு வேண்டாம் என்று என்ஜிகே போன்ற கம்பெனிகளே சொல்கின்றன. மரை வழுக்கும், ரெஞ்ச் காட்டும் அளவைவிட அதிகமாக இறுகிவிடும், மரை போவதற்கு அதுவே வழி. காயில் ரப்பருக்குள் மட்டும் மின்சாரம் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸ் துளி போதும்.

கழற்றிய பிளக்குகளை சிலிண்டர் வரிசைப்படி அட்டையில் குத்தி வையுங்கள். லேசான பழுப்பு அல்லது சாம்பல் நிறம் என்றால் நலம். ஒன்று மட்டும் எண்ணெய்ப் பசையாகக் கறுத்திருந்தால் அந்த சிலிண்டரில் ஆயில் எரிகிறது. பீங்கானில் ஒரு சில்லு காணாமல் போயிருந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். அது சிலிண்டரில் இருக்கலாம், டர்போவின் சூடான பக்கத்துக்கும் போயிருக்கலாம். அந்த நிலையில் மெக்கானிக்கைக் கூப்பிட்டு உள்ளே கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: என் பிக்கப் டர்போ டீசல். இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

பதில்: பொருந்தாது. டீசலில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது, அழுத்தத்தின் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். உங்களுடையதில் இருப்பது க்ளோ பிளக், குளிரில் ஸ்டார்ட் ஆக உதவுவது. காலையில் மட்டும் நேரமெடுத்து ஸ்டார்ட் ஆகி வெள்ளைப் புகை விட்டால் அதைப் பாருங்கள். மேட்டில் இழுவை குறைந்தால் டீசல் ஃபில்டர், டர்போ குழாயின் கிளாம்ப் இரண்டிலிருந்தும் ஆரம்பியுங்கள்.