பல வருஷம் தோப்பில் கிடந்த அப்பாவின் வள்ளம்: சரிசெய்வதை எங்கே தொடங்குவது?

கேள்வி: எங்கள் வீடு குளச்சல் பக்கம். ஓகிப் புயலுக்கு அடுத்த வருஷத்திலிருந்து அப்பா கடலுக்குப் போகவில்லை. அவருடைய 24 அடி ஃபைபர் வள்ளம் அன்றிலிருந்து எங்கள் தென்னந்தோப்பில் இரண்டு தென்னந்தடியின் மேல், தார்ப்பாய் மூடிக் கிடக்கிறது. 9.9 குதிரைத்திறன் மண்ணெண்ணெய் இன்ஜினைக் கழற்றிச் சாய்ப்பில் வைத்திருக்கிறோம். அப்பா இப்போது இல்லை. வளைகுடாவிலிருந்து திரும்பிய தம்பி, வள்ளத்தைச் சரிசெய்து தூண்டில் போடப் போக வேண்டும் என்கிறான். பெயின்ட் அடித்தால் போதும் என்கிறார் மாமா. இன்ஜின் போச்சு, புதிதாக வாங்குங்கள் என்கிறார் மெக்கானிக். விற்க எங்களுக்கு மனமில்லை. எதிலிருந்து தொடங்குவது?

பதில்: பெயின்ட்டையும் இன்ஜினையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள், சகோதரி. ஒரு ரூபாய் செலவழிப்பதற்கு முன்னால் வள்ளத்தின் பின்பக்கம் போய், இன்ஜின் மாட்டும் பலகையைப் பாருங்கள். வள்ளத்தைக் காப்பாற்ற முடியுமா, எவ்வளவு செலவாகும் என்பதை அந்தப் பலகைதான் சொல்லும்.

ஃபைபர் மக்காது என்று எல்லாரும் சொல்வார்கள். கண்ணாடி இழையும் அதை இறுக்கிப் பிடிக்கும் ரெசின் என்ற பிசினும் மக்காது, உண்மைதான். ஆனால் இன்ஜினின் எடையையும் தள்ளுவிசையையும் தாங்குவதற்காக அந்தப் பின்பலகைக்குள் பிளைவுட் வைத்து, இரண்டு பக்கமும் ஃபைபர் போட்டு மூடியிருப்பார்கள். அடித்தளத்தில் நீளவாக்கில் ஓடும் தாங்குகட்டைகளுக்குள்ளும் பல வள்ளங்களில் மரம் இருக்கும். இன்ஜின் போல்ட்டுக்குத் துளை போட்டவர் துளையின் உட்சுவரில் ரெசின் பூசாமல் விட்டிருந்தால், தண்ணீர் அந்த வழியாக மரத்துக்குள் இறங்கிவிடும்.

இங்கே பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. மரத்தை மக்கச் செய்வதில் கடல்நீரை விட மழைநீர்தான் மோசம். மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு உப்பு ஒத்துக்கொள்ளாது, நல்ல தண்ணீர் ஒத்துக்கொள்ளும். வருஷக்கணக்காகக் கடலில் ஓடியபோது கெடாத பலகை, தோப்பில் சும்மா கிடந்தபோது கெட்டிருக்கலாம். நம் மாவட்டத்தில் ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. தார்ப்பாய் ஓரிடத்தில் கிழிந்தால் போதும், நிமிர்த்தி வைத்த வள்ளத்துக்குள் தண்ணீர் கட்டி நிற்கும், மேலே மூடியிருப்பதால் காயவும் காயாது. அந்தக் காலத்தில் கட்டுமரக்காரர்கள் கரை வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகப் பிரித்து மணலில் காயப்போட்டார்கள். மரம் காய்ந்தால்தான் உழைக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

பலகையைச் சோதிப்பது எளிது. சின்னச் சுத்தியலின் கைப்பிடியால் மேலிருந்து கீழாக, ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல மரம் உள்ளே இருந்தால் ‘டக்’ என்று கெட்டியாகக் கேட்கும். மக்கியிருந்தால் சத்தம் செத்துப்போய் ‘தொப்’ என்று வரும். சத்தம் மாறும் இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். அப்புறம் பலகையின் உள்பக்கத்தில், அடியிலிருந்து நாலு விரல் மேலே, 6 மில்லிமீட்டர் பிட்டால் ஒரு துளை போடுங்கள். மறுபக்கம் வெளியே வந்துவிடக் கூடாது. பிட்டில் ஒட்டிவரும் தூளைக் கையில் எடுத்துத் தேயுங்கள். வெளிறிய, உலர்ந்த சுருளாக வந்தால் நிம்மதி. கறுத்த களியாக, புளித்த வாடையோடு வந்தால் பலகையை மாற்றியே ஆக வேண்டும். துளையிலிருந்து தண்ணீரே சொட்டினாலும் பயப்பட வேண்டாம். தண்ணீர் வெளியே வருவது நல்லதுதான். பார்த்து முடித்ததும் துளையை உடனே அடைக்காமல், காயும்வரை திறந்தே விடுங்கள்.

இதைச் செய்யாமல் மாமா சொன்னபடி பெயின்ட் மட்டும் அடித்து, மெக்கானிக் சொன்னபடி புது இன்ஜினை மாட்டினால் என்ன ஆகும்? வெளியில் எல்லாம் பளபளக்கும். முதல் அலையில் இன்ஜினை முறுக்கும்போது பலகை பின்னால் சாயும், ஓரத்தில் விரிசல் விடும். நடுக்கடலில் இன்ஜின் பலகையோடு பெயர்ந்து போனால் அந்த ஓட்டை வழியாக வள்ளம் நிறைய அதிக நேரம் ஆகாது. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பலகை மக்கியிருந்தால் வள்ளம் வீணாகிவிட்டது என்று அர்த்தமில்லை. வெளிப்பக்கத்து ஃபைபரை அப்படியே விட்டுவிட்டு, உள்பக்கத் தோலை மட்டும் கிரைண்டரால் சதுரமாக வெட்டி எடுத்து, மக்கிய மரத்தை உளியால் முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டும். ‘இந்த ஓரம் பரவாயில்லை’ என்று ஈரமான துண்டு எதையும் விட்டுவைக்காதீர்கள். புதிதாக வைக்கும் பிளைவுட்டில் ஐ.எஸ். 710 என்ற முத்திரை இருக்க வேண்டும், அதுதான் மரைன் பிளை. வீட்டு அலமாரிக்கு வாங்கும் ஐ.எஸ். 303 இதற்கு ஆகாது. பழைய பலகையின் மொத்தத் தடிமன் எவ்வளவோ அதே தடிமன் வரும்படி இரண்டு பலகைகளை ஒட்டிச் சேர்க்கலாம். பிளையின் வெட்டுமுனைகள்தான் தண்ணீரை உறிஞ்சும், அவற்றுக்கு ரெசினை இரண்டு மூன்று தடவை ஊறக் கொடுங்கள். உள்பக்கத்து ஃபைபரை மறுபடி போடும்போது பலகையோடு நிறுத்தாமல், இரண்டு பக்கச் சுவரிலும் அடித்தளத்திலும் ஒரு சாணாவது ஏறிப் பிடிக்கும்படி போட வேண்டும்.

இந்த வேலைக்குச் சாதாரண பாலியெஸ்டர் ரெசினை விட எபாக்சி நல்லது. விலை கூடுதல்தான், ஆனால் காய்ந்து பழகிய பழைய ஃபைபரிலும் மரத்திலும் அது பிடிக்கிற பிடி வேறு. ஒன்று கவனியுங்கள்: எபாக்சியோடு துண்டு இழை மேட்டை (வெட்டிய இழைகளைப் பசையால் ஒட்டிய விரிப்பை) சேர்க்காமல், நெய்த கண்ணாடித் துணியை மட்டும் பயன்படுத்துங்கள். அந்த மேட்டில் இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை பாலியெஸ்டர் ரெசினில் கரையும், எபாக்சியில் சரியாகக் கரையாது. அதேபோல் எபாக்சியின் மேல் பாலியெஸ்டர் நன்றாக ஒட்டாது. எந்த இடத்துக்கு எது என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்துவிடுங்கள்.

போல்ட் துளைகளை எப்படிப் போடுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தேவையை விடப் பெரிதாக ஒரு துளை போட்டு, அதை எபாக்சியும் இழைத்தூளும் கலந்த கலவையால் முழுக்க நிரப்பி, இறுகிய பிறகு அதன் நடுவில் சரியான அளவில் துளை போடுங்கள். இப்போது போல்ட்டைச் சுற்றி மரமே இல்லை, தண்ணீர் கசிந்தாலும் மரத்தைத் தொடாது. பலரும் நேரமில்லை என்று விட்டுவிடும் வேலை இது.

அடுத்தது அடிப்பக்கம். ஆட்களைக் கூப்பிட்டு வள்ளத்தைக் கவிழ்த்துப் போடுங்கள். தூக்கும்போதே ஒரு விஷயம் தெரிந்துவிடும்: முன்பு தூக்கிய அதே எண்ணிக்கை ஆட்களால் இப்போது தூக்க முடியவில்லை என்றால், மிதப்பு அறைகளில் வைத்த நுரை தண்ணீர் குடித்திருக்கிறது. அதை வெட்டி எடுத்து மாற்ற வேண்டும். அங்கே வெறும் தெர்மோகோலை வைத்து மேலே பாலியெஸ்டர் ரெசினை ஊற்றிவிடாதீர்கள், ரெசினில் உள்ள ஸ்டைரின் தெர்மோகோலைக் கரைத்துவிடும். பாலியூரிதேன் நுரைதான் சரி.

தென்னந்தடி அழுத்திய இரண்டு இடங்களிலும் குழிவு இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். சிலந்திவலை மாதிரி மெல்லிய விரிசல் ஜெல்கோட் என்ற வெளிப்பூச்சில் மட்டும் இருந்தால் தேய்த்துப் பூசினால் போதும். விரலால் அழுத்தும்போது உள்ளே போய் வந்தால் இழையே உடைந்திருக்கிறது. கடப்புறத்தில் மணலில் இழுத்து ஏற்றிய வள்ளம் என்பதால் ஏரா (அடியில் நடுவே நீளவாக்கில் ஓடும் முதுகு) தேய்ந்து, வெள்ளை முடியாக இழை தெரியும். அந்த முடி வழியே தண்ணீர் ஊறும், மூடாமல் விடக் கூடாது.

உடைந்த இடத்தின் மேல் ஒரு துண்டு மேட்டை ஒட்டிவிட்டால் அது ஒட்டாக நிற்குமே தவிர, வள்ளத்தோடு ஒன்றாகாது. ஓரத்தைச் சரிவாகத் தேய்க்க வேண்டும்: தோலின் தடிமன் 5 மில்லிமீட்டர் என்றால் சுற்றிலும் 60 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சரிவு. பன்னிரண்டுக்கு ஒன்று என்பது படகு வேலையில் எல்லாரும் பிடிக்கும் கணக்கு. தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, அடுக்கடுக்காக இழையைப் போடுங்கள்.

அதற்கு முன் காய்ந்திருக்க வேண்டும். ஒரு முழச் சதுரத்துக்குப் பாலித்தீன் தாளை எடுத்து, நாலு ஓரமும் டேப் போட்டு ஃபைபரின் மேல் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் வியர்த்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. தை பிறந்த பிறகு, மாசி பங்குனியில் இந்த வேலையை வைத்துக்கொண்டால் நம் ஊரில் நன்றாகக் காயும். மழை மூட்டமான நாளில் ரெசின் வேலை வேண்டவே வேண்டாம்.

தம்பி தானே ரெசின் கலக்கப் போகிறார் என்றால் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். பாலியெஸ்டரை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட்டையும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் ஒன்றோடொன்று நேராகக் கலந்தால் வெடிக்கும். ஆக்சிலரேட்டர் ஏற்கெனவே கலந்த ரெசினாகக் கடையில் கேட்டு வாங்கிவிட்டால் அந்த ஆபத்தே இல்லை. ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 கிராம் கேட்டலிஸ்ட், நம் வெயிலுக்குக் குறைந்த அளவே போதும். அதிகம் ஊற்றினால் டப்பாவிலேயே சூடேறி இறுகிவிடும். கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் தெறித்தாலும் பார்வை போகலாம், பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் தொடக் கூடாது. கிரைண்டர் ஓடும்போது முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் வேண்டும். குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

சரி, இப்போது இன்ஜின். ‘போச்சு’ என்று சொன்ன மெக்கானிக் எதைத் திறந்து பார்த்தார் என்று கேளுங்கள். வெறும் கயிற்றை இழுத்துப் பார்த்துச் சொன்னார் என்றால் அது போதாது. சொல்லப்போனால் யாரும் கயிற்றை இழுக்கவே வேண்டாம். உள்ளே துரு இருந்தால் வெடுக்கென்று இழுப்பதில் பிஸ்டன் ரிங் உடையும், சிலிண்டர் கீறும். பிளக்குகளைக் கழற்றி, துளை வழியாகக் கொஞ்சம் துரு இளக்கும் எண்ணெயை விட்டு, சில நாள் ஊற விடுங்கள். அப்புறம் மேலே இருக்கும் ஃபிளைவீலைக் கையால் மெதுவாக அசைத்துப் பாருங்கள். லேசாகச் சுற்றினால் உயிர் இருக்கிறது. பிறகு இரண்டு சிலிண்டரிலும் கம்பிரஷன் (உள்ளே ஏறும் அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் மேற்கொண்டு செலவழிக்கலாம். டூ ஸ்ட்ரோக்கில் எண்ணெய் எரிபொருளோடுதான் உள்ளே போகிறது, தேங்கி நிற்காது. அதனால் வருஷக்கணக்கில் சும்மா வைத்தால் கிராங்க் பேரிங் துருப்பிடிக்கும். அது போயிருந்தால் மட்டும் மெக்கானிக் சொன்னது சரி, புதிது வாங்குவதே லாபம்.

இன்ஜின் நன்றாக இருந்தாலும் தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லரைப் பார்க்காமலே மாற்றிவிடுங்கள். இத்தனை வருஷம் ஒரே நிலையில் வளைந்து கிடந்த ரப்பர் இனி நிமிராது. கியர் ஆயில் போல்ட்டைத் திறக்கும்போது பால் கலந்த மாதிரி வெள்ளையாக வந்தால் ஆயில் சீல் போயிருக்கிறது. தண்ணீரைத் தள்ளும் விசிறிக்குப் பின்னால் தூண்டில் நரம்பு சுற்றி, அந்த சீலை அறுத்திருக்கலாம், கழற்றிப் பாருங்கள். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவுங்கள், எரிபொருள் குழாய்களைப் புதிதாகப் போடுங்கள், டாங்கில் மிச்சம் கிடக்கும் பழைய எண்ணெயைக் கொட்டிவிடுங்கள். இன்ஜின் உலோகத்தை உப்பு அரிக்காமல், தான் கரைந்து காப்பாற்றும் துத்தநாகத் துண்டு கரைந்திருந்தால் மாற்றுங்கள், அதன் மேல் பெயின்ட் படக் கூடாது.

முதலில் ஓட்டிப் பார்ப்பது தண்ணீர் நிரப்பிய டிரம்மில்தான். தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிஷம்கூட ஓட்டக் கூடாது, புது இம்பெல்லர் எரிந்துவிடும். பின்னால் இருக்கும் சின்னத் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்ச வேண்டும். வராவிட்டால் உடனே நிறுத்துங்கள். பெட்ரோலில் எடுத்து மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது தம்பிக்குத் தெரிந்திருக்கும். நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிச் சிறிது ஓட்டிவிட்டு நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் கார்புரேட்டரில் தங்கிய மண்ணெண்ணெய் அடுத்த தடவை எடுக்க விடாது.

காகித வேலையும் இருக்கிறது. பதிவும் உரிமமும் அப்பா பெயரில் இருக்கும். வாரிசுச் சான்றிதழோடு மீன்வளத்துறை அலுவலகத்துக்குப் போய்ப் பெயர் மாற்றத்தை இப்போதே தொடங்கிவிடுங்கள். மீன்பிடிப் படகுப் பதிவு ரியல்கிராஃப்ட் இணையதளம் வழியாக நடக்கிறது.

வள்ளத்தை முதன்முதலில் இறக்கும்போது அலைவாயில் தள்ளாதீர்கள், தேங்காப்பட்டணம் முகத்துவாரம் போன்ற இடத்துக்கும் கொண்டுபோக வேண்டாம். மணக்குடிக் காயல் மாதிரி அடங்கிய தண்ணீரில் இறக்கி, ஒரு மணி நேரம் கட்டிப்போட்டு உள்ளே ஈரம் வருகிறதா என்று பாருங்கள். அதன் பிறகு இன்ஜினை மாட்டி மெதுவாக ஓட்டுங்கள். குளச்சல் கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். கச்சான் காற்றில் கடல் கொந்தளிக்கும் அந்த மாதங்கள் சோதனை ஓட்டத்துக்கு ஆகாது. கடலுக்கு முதலில் போகும் நாளில் இன்னொரு வள்ளம் கூடப் போகட்டும். ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் உடம்பில் இருக்க வேண்டும், வள்ளத்தில் கிடந்தால் போதாது. கரை திரும்பியதும் இன்ஜினை நல்ல தண்ணீரில் ஓட்டிக் கழுவுங்கள், பின்பலகை போல்ட்டுகளை ஒரு தடவை முறுக்கிப் பாருங்கள். புதுப் பலகையில் முதல் சில ஓட்டங்களுக்கு அவை கொஞ்சம் தளரும்.