அப்பா சொல்ற கோர்ஸா, எனக்குப் பிடிச்ச கோர்ஸா?

அக்காவுக்கு வணக்கம்.

ஸ்கூல் முடிச்சுட்டேன், மார்க் நல்லாத்தான் வந்திருக்கு. எனக்கு வரலாறு படிக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. அப்பா கம்ப்யூட்டர் சயின்ஸ் தவிர வேற எதுக்கும் சம்மதிக்க மாட்டேங்குறார். வரலாறு படிச்சா பொழைக்க முடியாதுன்னு ஒரே வார்த்தை. இப்ப சரியா பேசுறதும் இல்ல. அம்மா "அப்பா மனசு நோகாம நடந்துக்கோ"ன்னு மட்டும் சொல்றாங்க. ஃபீஸ் கட்டப்போறது அவங்கதான், அதனால அவங்க சொல்றத கேட்டுத்தான் ஆகணுமா? கேட்டா என் வாழ்க்கையே போயிடும்னு பயமா இருக்கு, கேட்கலேன்னா துரோகம் பண்ற மாதிரி இருக்கு. வீட்ல அத்தைகிட்ட மட்டும்தான் மனசு விட்டு பேச முடியுது. என் பேர் போடாதீங்க அக்கா.

——

அன்புள்ள தங்கச்சிக்கு,

பேர் போடலம்மா.

வரலாறு படிக்கணும்னு ஆசைன்னு எழுதியிருக்க, ஆனா வரலாறு படிச்சவங்க தினமும் உட்கார்ந்து என்ன வேலை பாக்குறாங்கன்னு கடிதத்துல ஒரு வரி கூட இல்ல. அப்பாவும் கம்ப்யூட்டர் சயின்ஸ்னு சொல்றாரே தவிர அந்த வேலைல ஒரு நாள் எப்படிப் போகும்னு யோசிச்சிருப்பாரான்னு தெரியல. ரெண்டு பேரும் பாடத்தோட பேரை வச்சுத்தான் சண்டை போடுறீங்க. முதல்ல அதுலேர்ந்து வெளிய வா.

நீ சேரணும்னு நினைக்கிற காலேஜோட சிலபஸ எடுத்து மூணாவது வருஷத்துல என்ன இருக்குன்னு பாரு. முதல் வருஷம் எல்லா கோர்ஸும் கொஞ்சம் சுலபமாத்தான் இருக்கும், மூணாவது வருஷத்துலதான் அந்தத் துறையோட நிஜ முகம் தெரியும். வரலாறுன்னா கதை படிக்கிறதுன்னு நிறைய பேர் நினைச்சுக்குறாங்க. ஆனா யாரோ எப்பவோ எழுதின வரிக்கணக்குப் பதிவேட்ட பக்கம் பக்கமா புரட்டி, மங்கிப்போன கையெழுத்த எழுத்துக்கூட்டிப் படிச்சு, இத எழுதினவன் ஏன் இப்படி எழுதினான், யாருக்காக எழுதினான், எத மறைச்சான்னு கேட்டுக்கிட்டே உட்கார்ந்திருக்கணும், ஒரு முழு நாள் உட்கார்ந்தும் உபயோகமா ஒரு வரி கிடைக்காம போகலாம், அதுக்கப்புறம் எழுதுற ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஆதாரம் காட்டணும். அதே மாதிரி சாஃப்ட்வேர் வேலைன்னா புதுசா ஆப் பண்றது மட்டும் இல்ல, வேற யாரோ எழுதிட்டுப் போன கோட படிச்சு எங்க தப்பு இருக்குன்னு தேடுறதுலயே பாதி நாள் போயிடும். பாத்தா ரெண்டும் ரொம்ப தூரத்துல இல்ல! வேலைல சேர்ந்து ரெண்டு மூணு வருஷம் ஆனவங்கள தேடிப் பிடிச்சு கேளு. வேலை பிடிச்சிருக்கான்னு கேட்காத, எல்லாரும் பிடிச்சிருக்குன்னுதான் சொல்வாங்க. நேத்து காலைல பத்து மணிக்கு என்ன பண்ணிட்டு இருந்தீங்கன்னு கேளு. அந்தப் பதில கேட்டப்புறமும் உனக்கு ஆசை குறையலன்னா அது நம்பக்கூடிய ஆசை.

இப்ப அப்பா விஷயம். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கும் அவர் பொண்ணுக்கும் இதே சண்டைதான் நடந்துச்சு. ஒரு நாள் எங்கிட்ட பேசிட்டு இருக்கும்போது பழைய கவர் ஒண்ண எடுத்து பின்பக்கத்துல எழுதிக் காட்டினார். மேல பொண்ணு படிப்பு முடியுற வருஷம், நடுவுல வீட்டுக்கடன் முடியுற வருஷம், கீழ தான் ரிட்டயர் ஆகுற வருஷம். மூணும் ஒட்டி ஒட்டி இருந்துச்சு. கடைசி வருஷத்துக்குக் கீழ பேனாவால ரெண்டு தடவ அழுத்திக் கோடு போட்டார். அந்தக் கவர அவர் பொண்ணுகிட்ட காட்டவே இல்ல, அவகிட்ட சொன்னதெல்லாம் "அது உருப்படாத படிப்பு"ங்கிற ஒரு வார்த்தைதான். பெத்தவங்க நிறைய பேர் இப்படித்தான், பயத்த பயம்னு சொல்ல வராம கட்டளையா சொல்லிடுறாங்க. பேசாம இருக்குறதையும் நான் சரின்னு சொல்ல மாட்டேன், பிள்ளைகிட்ட முகத்த திருப்பிக்கிட்டு சம்மதம் வாங்குறது தப்புதான். ஆனா உங்கப்பாவோட கவர்ல என்ன எழுதியிருக்குன்னு உனக்குத் தெரியுமா? தெரியாம நீ "எனக்கு ஆசை, எனக்கு ஆசை"ன்னு எத்தனை தடவ சொன்னாலும் அவர் கேக்குற கேள்விக்கு அது பதில் ஆகாது.

சார்லஸ் டார்வின அவங்கப்பா 1825-ல எடின்பரோவுக்கு டாக்டருக்குப் படிக்க அனுப்பினார். அப்பாவும் டாக்டர், தாத்தாவும் டாக்டர். மயக்க மருந்து இல்லாத காலம் அது, ஒரு குழந்தைக்கு ஆபரேஷன் பண்றத பார்க்க முடியாம டார்வின் பாதிலயே ஓடி வந்துட்டார். ரெண்டு வருஷத்துல படிப்ப விட்டாச்சு. அப்புறம் பாதிரியாராவது ஆகட்டும்னு அப்பா கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார். 1831-ல அந்தப் படிப்பையும் முடிச்ச சமயத்துல உலகம் சுத்தி கடற்கரைய அளவெடுக்கப் போற பீகிள் கப்பல்ல போக அழைப்பு வருது, அப்பா முடியாதுன்னுட்டார். ஆனா அதோட நிறுத்தாம, புத்தியுள்ள ஒருத்தர் போகலாம்னு சொல்லட்டும், அப்ப நான் சம்மதிக்கிறேன்னாரு.

டார்வினோட தாய்மாமா ஜோசயா வெட்ஜ்வுட் மேல அப்பாவுக்கு நல்ல மரியாதை. டார்வின் அப்பாவோட ஆட்சேபணை எல்லாத்தையும் ஒண்ணு விடாம பட்டியல் போட்டார், மொத்தம் எட்டு. கிறுக்குத்தனமான திட்டம், திரும்பவும் தொழில மாத்துற மாதிரி ஆகுது, கப்பல்ல வசதி இருக்காது, இதுக்கப்புறம் ஒரு இடத்துல நிலையா உட்கார மாட்டான், இப்படி. மாமா ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா பதில் எழுதினார். அப்பா சம்மதிச்சாரு, செலவுக்குப் பணமும் கொடுத்தாரு. பையன் பெரிய விஞ்ஞானியா வரப்போறான்னு அப்ப யாருக்கும் தெரியாது. அப்பா கேட்டதுக்கு நேரா பதில் வந்துச்சு, அதையும் அவர் மதிக்கிற ஆள் சொன்னாரு, அதுதான் வேலை செஞ்சுச்சு. உங்கத்தைய நீயே எழுதியிருக்க. அவங்க அப்பாவோட கூடப் பிறந்தவங்கன்னா அப்பாவோட பயம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு உன்ன விட அவங்களுக்கு நல்லா தெரியும்.

அதனால உன் பட்டியல நீயே எழுது. அப்பா சொன்னது, சொல்லாம நினைக்கிறது ரெண்டையும் எழுது. "வரலாறு படிச்சா வேலை இல்ல"ங்கிறதுக்கு நேர்மையா பதில் சொல்லு. யுனிவர்சிட்டில ப்ரொஃபசர் ஆகுறதுன்னா பிஎச்டி வரைக்கும் போகணும், இடமும் கம்மி, அத மறைக்காத. ஆர்கைவ் (பழைய ஆவணங்கள பாதுகாக்குற இடம்), மியூசியம், பத்திரிகை, பதிப்பகம், சட்டப்படிப்பு, அரசு வேலைக்கான தேர்வு, ஸ்கூல் டீச்சர் இதுல எது உனக்கு ஒத்து வரும், அதுக்கு இன்னும் எத்தனை வருஷம் படிக்கணும், எவ்வளவு செலவுன்னு எழுது. அப்பாவுக்கு வருஷமும் பணமும்தான் முதல்ல கண்ணுல படும்.

ஃபீஸ் கட்றவங்க சொல்றத கேட்டுத்தான் ஆகணுமான்னு கேட்ட. எவ்வளவு கட்ட முடியும், எத்தனை வருஷம் கட்ட முடியும்னு சொல்ல அவங்களுக்கு முழு உரிமை இருக்கு, அத நீ தலைல ஏத்திக்கிட்டுத்தான் முடிவெடுக்கணும். அந்த அளவுக்குள்ள எத படிக்கிறதுன்னு சொல்ற உரிமை உனக்குத்தான், ஏன்னா அந்தப் புத்தகத்த வச்சுக்கிட்டு ராத்திரி உட்காரப்போறது நீ. இதுல துரோகம்னு ஒண்ணும் இல்லம்மா. அந்த வார்த்தைய விட்டுடு, அத வச்சுக்கிட்டு தெளிவா யோசிக்கவே முடியாது.

இன்னொண்ணு, கேட்டா வாழ்க்கையே போயிடும்ங்கிறதும் சரியில்ல. டாக்டர் ஆகணும்னா அந்தப் பட்டம் இல்லாம முடியவே முடியாது, ஆனா எல்லாத் துறையும் அப்படி இல்ல. வேற பாடத்துல டிகிரி முடிச்சவங்கள மேல்படிப்புல வரலாறு சேர்த்துக்குற யுனிவர்சிட்டி இருக்கு. வரலாறு முடிச்சுட்டு இன்ஜினியரிங் மேல்படிப்புக்குப் போறது பெரும்பாலும் கஷ்டம், கணக்கும் மத்த அடிப்படைப் பாடமும் திரும்ப படிக்கணும். இது உன் அப்பா பக்கத்துக்கு இருக்குற வலுவான வாதம், அவர் சொல்லலேன்னாலும் நீ யோசிச்சுப் பாக்கணும். சி.வி. ராமன் 1907-ல நிதித்துறை வேலைல சேர்ந்து பத்து வருஷம் கணக்கு அதிகாரியா இருந்தார். கல்கத்தால இருந்தப்ப காலைலயும் சாயங்காலமும் அறிவியல் சங்கத்தோட லேப்ல ஆராய்ச்சி, நடுவுல ஆபீஸ். 1917-ல சம்பளம் குறைஞ்சாலும் பரவாயில்லன்னு வேலைய விட்டுட்டு ப்ரொஃபசரா போனார். எல்லாராலயும் அப்படி முடியாது, உடம்பும் மனசும் ரொம்ப கேட்கும். ஆனா அப்படி ஒரு வழி இருக்கு. அதுல போறதா இருந்தா நீயே தேர்ந்தெடுத்துப் போ, அப்பா மேல கோவத்துல நாலு வருஷம் உம்முன்னு உட்கார்ந்து படிக்காத, அப்படிப் படிச்சா ரெண்டும் உருப்படாது.

என்னைக் கேட்டா, சிலபஸயும் பாத்து, வேலை பாக்குறவங்ககிட்டயும் பேசினதுக்கப்புறம் ஆசை அப்படியே இருந்தா வரலாறே எடுன்னுதான் சொல்வேன். கம்ப்யூட்டர் வகுப்பு கூடவே எடுத்துக்க காலேஜ்ல இடம் கொடுத்தா அதையும் எடு, பழைய ஆவணங்கள ஸ்கேன் பண்ணி வகைப்படுத்துற இடத்துலயெல்லாம் ரெண்டும் தெரிஞ்ச ஆள் தேவைப்படுது, அப்பாகிட்ட அதையும் சொல்லு.

இந்த வாரம் அத்தைகிட்ட பேசு. பட்டியல எழுதி முடிச்சதும் எந்தக் கேள்விக்குப் பதில் வரலையோ அத மட்டும் எனக்கு அனுப்பு. ஆர்கைவ்ல வேலை பாக்குற ஒருத்தர எனக்குத் தெரியும், நேத்து காலைல பத்து மணிக்கு என்ன பண்ணாங்கன்னு நானே கேட்டு எழுதுறேன்.

அன்புடன்,
அக்கா