உட்கார்ந்தால் பழுப்பு, பறந்தால் மஞ்சள்

கேள்வி: ராத்திரி சமையலறை விளக்குக்கு வந்த பூச்சி பறக்கும்போது பளிச்சென்று ஆரஞ்சு மஞ்சள். சுவரில் உட்கார்ந்ததும் வெறும் பழுப்பு. வந்தது இரண்டு பூச்சியா? (ஈஸ்ட் ஹாம், லண்டன்)

பதில்: ஒன்றுதான். லார்ஜ் யெல்லோ அண்டர்விங் என்னும் அந்துப்பூச்சி. ஆகஸ்ட், செப்டம்பரில் பிரிட்டனில் விளக்கு எரிகிற ஜன்னலெல்லாம் இதுதான். மஞ்சள் இருப்பது பின்னிறக்கையில். உட்கார்ந்தவுடன் பழுப்பு முன்னிறக்கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து அதை மூடிவிடும். மஞ்சளைக் குறிவைத்துத் துரத்தும் பறவை, அது திடீரென்று மறைந்ததும் திணறிப்போகும்.

முன்னிறக்கையின் நிறத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். வெளிர்பழுப்பும் உண்டு, கருப்பை ஒட்டிய பழுப்பும் உண்டு. ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்துப் பாருங்கள். அது சும்மா இருக்காது, எலிக்குஞ்சு மாதிரி குடுகுடுவென்று ஓடும். முன்னிறக்கையின் நுனிக்குச் சற்று முன்னால், மேல்விளிம்பை ஒட்டி மை தீற்றியதுபோல ஒரு சின்னக் கருங்குறி இருக்கும். பின்னிறக்கையில் ஓரமாக ஒரு கருப்புப் பட்டை, நடுவில் எதுவும் இல்லை. இறக்கை விரித்தால் 5 முதல் 6 செ.மீ. இவ்வளவும் பொருந்தினால் சந்தேகமே வேண்டாம். பார்த்துவிட்டு வெளியே விட்டுவிடுங்கள்.

கேள்வி: என்னிடம் சிக்கியது இன்னும் சிறியது. மஞ்சளின் நடுவே பிறை போல ஒரு கருப்பு.

பதில்: அந்தப் பிறைதான் அடையாளம்: லெஸ்ஸர் யெல்லோ அண்டர்விங். பிறை இல்லாமல் கருப்புப் பட்டை மிக அகலமாகவும், தலையும் கழுத்துப்பட்டியும் வெளிறியும் இருந்தால் அது மூன்றாவது உறவுக்காரர், லெஸ்ஸர் பிராட்-பார்டர்ட் யெல்லோ அண்டர்விங்.

கேள்வி: பகலில் சிவப்பும் கருப்புமாகப் பறப்பது சின்னபார் என்னும் அந்துப்பூச்சி தானே?

பதில்: புள்ளிகளை எண்ணுங்கள். முன்னிறக்கையில் ஒரு நீளச் சிவப்புக் கோடும் ஓரத்தில் இரண்டு புள்ளிகளும் என்றால் சின்னபார். ஆறு சிவப்புப் புள்ளிகள், நுனி தடித்த உணர்கொம்பு என்றால் சிக்ஸ்-ஸ்பாட் பர்னெட் என்னும் வேறொரு அந்துப்பூச்சி.

கேள்வி: இந்த மஞ்சள் இறக்கைக்காரர் பீரோவில் இருக்கும் பட்டுப் புடவையைக் கடிக்குமா?

பதில்: கடிக்காது. அது குடிப்பது பூந்தேன். அதன் புழு மண்ணில் கிடந்து செடிகளின் அடித்தண்டைத்தான் கடிக்கும். தோட்டக்காரர்கள் திட்டுவது அதனால். துணி அந்துப்பூச்சி வேறு. உடல் ஒரு செ.மீ.கூட இராது, வைக்கோல் பொன்னிறம், வெளிச்சத்தைக் கண்டால் இருட்டுக்குள் ஓடும். அதிலும் துணியைத் தின்பது அதன் புழுதான். கம்பளியோடு பட்டுத் துணியையும் விடாது. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் புடவைகளை இன்றைக்கே எடுத்து, மடிப்பு மடிப்பாகப் பிரித்து உதறுங்கள்.