அம்மாவின் குளிசையும் மாமியின் சீந்தில் கசாயமும்

கேள்வி: ஒட்டுசுட்டான் பக்கம் இருக்கிறோம். அம்மாவுக்கு 54 வயது, மூட்டுவாதம். கிளினிக்கில் மெத்தோட்ரெக்சேட்டும் பிரெட்னிசொலோனும் தந்திருக்கிறார்கள். அவை நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற குளிசைகள் என்று பக்கத்து வீட்டு மாமி சொன்னதிலிருந்து அம்மாவுக்குப் பயம். சக்தி கூட்டவென்று தினமும் சீந்தில் அவித்துக் குடிக்கிறா. குளிசையை விடவும் யோசிக்கிறா. என்ன செய்யலாம்?

பதில்: மாமி சொன்னது பொய்யில்லை. குறைக்கத்தான் தந்திருக்கிறார்கள். உங்கள் அம்மாவுக்கு எதிர்ப்புச் சக்தி போதாமல் இல்லை. கிருமியோடு மோத வேண்டிய அது, மூட்டின் உட்சவ்வோடு மோதிக்கொண்டிருக்கிறது. விடிய எழும்பியதும் விரல் மடியாமல், தேங்காய்ப் பாதியைத் திருவலையில் பிடிக்க முடியாமல் இருப்பது அதனால்தான். அப்படியே விட்டால் எலும்பை அரித்து விரலைக் கோணலாக்கிவிடும்.

எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுவதென்றாலே நல்லது என்ற எண்ணம் கொரோனாக் காலத்தில் வீட்டுக்கு வீடு குடியேறிவிட்டது. உண்மையிலேயே கூட்டுகிற மருந்துகள் எங்களிடம் உண்டு. காசநோய்த் தடுப்பூசியில் இருக்கும் பி.சி.ஜி. கிருமியையே சிறுநீர்ப்பைக்குள் செலுத்தி, அங்குள்ள ஆரம்பநிலைப் புற்றுநோய்க்கு எதிராக உடலைத் தூண்டுகிறோம். பெம்புரொலிசுமாப் போன்ற புற்றுநோய் மருந்துகள் எதிர்ப்பு அணுக்கள்மேல் இருக்கும் தடையை நீக்கிவிடுகின்றன; அந்தத் தடைகளைப் பற்றிய ஆய்வுக்குத்தான் ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுகு ஹொஞ்ஜோவுக்கும் 2018இல் நொபெல் பரிசு கிடைத்தது. ஆனால் இரணைமடுவின் வான்கதவுகளைத் திறந்தால் குளம் தப்பும், கண்டாவளைப் பக்கம் வெள்ளம் ஏறும் அல்லவா? இந்த மருந்துகளும் அப்படித்தான். புற்றுநோய் அடங்குகிற அதே ஆளுக்குச் சில வேளை தைரொயிட் கெடும், குடல் அழலும், மூட்டு வீங்கும். அப்போது நாங்கள் தேடி எடுப்பது எதை? உங்கள் அம்மா பயப்படுகிற அதே பிரெட்னிசொலோனை.

சீந்திலை நிறுத்தச் சொல்லுங்கள். நாட்டு மருந்தோடு எனக்குப் பகை இல்லை. தடிமனுக்கு நானும் கொத்தமல்லி அவித்துக் குடிக்கிறவன்தான். ஆனால் கொரோனாக் காலத்தில் இந்தியாவில் சீந்தில் குடித்த சிலருக்கு ஈரல் அழற்சி வந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. மெத்தோட்ரெக்சேட்டுக்கும் ஈரலைத்தான் கவனிக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கொடுத்துப் பரீட்சை பார்க்க வேண்டாம்.

மெத்தோட்ரெக்சேட் கிழமையில் ஒரே ஒரு நாள். தினமும் போட்டு உயிரை விட்டவர்கள் உண்டு. என்ன நாள் என்பதைக் கிளினிக் கொப்பியின் முன்பக்கத்தில் பெரிதாக எழுதி வையுங்கள். அது வேலை காட்ட ஒன்றரை முதல் மூன்று மாதம் செல்லும். அதுவரை வலியைத் தாங்கத்தான் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட். சில வாரங்களுக்கு மேல் எடுத்தவர் அதைத் திடீரென்று விட்டால் ஆபத்து. உடல் தானாகச் சுரக்கும் ஸ்டீரொயிட் அதற்குள் படுத்துவிட்டிருக்கும். குறைப்பதென்றால் வைத்தியர் சொல்லிப் படிப்படியாக.

சரி, பயப்பட ஒன்றுமே இல்லையா? உண்டு, தொற்று. காலபோக வயல் சேற்றில் எலிக்காய்ச்சலும் இருக்கும், மெலியோய்டோசிஸ் என்ற கடும் தொற்றைத் தரும் மண் கிருமியும் இருக்கும். அம்மா வயலுக்கு இறங்குகிறவரென்றால் பூட்ஸ் போடட்டும். காலில் வெடிப்போ புண்ணோ இருந்தால் இறங்கவே வேண்டாம். ஸ்டீரொயிட் காய்ச்சலை மறைக்கும், அதனால் மெல்லிய சூடு, நடுக்கம், மூச்சிளைப்பு எதுவென்றாலும் பனடோலைப் போட்டுவிட்டு இரண்டு நாள் பார்த்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அந்தக் கிழமை மெத்தோட்ரெக்சேட்டை வைத்தியர் பார்க்கும்வரை தள்ளிப்போடலாம். பிரெட்னிசொலோனைத் தள்ளிப்போடக் கூடாது. வாய் முழுக்கப் புண் வந்தாலும் உடனே காட்டுங்கள், இரத்த அணுக்கள் குறைவதன் முதல் அடையாளம் அதுவாக இருக்கலாம்.

மெத்தோட்ரெக்சேட் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். வவுனியாப் பக்கம் காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். ஆகவே இரத்தப் பரிசோதனைத் தவணையைத் தவறவிடாதீர்கள், சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய டைக்ளோபெனாக் என்ற வலிக்குளிசையைப் பார்மசியில் தாங்களாக வாங்கிப் போட வேண்டாம். கோட்ரைமொக்சசோல் என்ற அன்டிபயோட்டிக் மெத்தோட்ரெக்சேட்டோடு சேரவே கூடாது. எலிக்காய்ச்சலுக்கு முற்காப்பாகக் குளிசை தர பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தாலும், வேறு எந்த வைத்தியரிடம் போனாலும், முதலில் கொப்பியைக் காட்டுங்கள்.