வாசகர் கேள்வி: இருமல் நின்றால் போதுமா?

கேள்வி: என் மாமனாருக்குத் தை அறுவடையில் தொடங்கிய இருமலுக்குச் சித்திரையில்தான் சளிப் பரிசோதனை செய்து, டி.பி. (காசநோய்) என்றார்கள். இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டதில் இருமல் நின்றுவிட, இனி வேண்டாம் என்கிறார். உறவினர்களோ செங்கிப்பட்டி காசநோய் ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்கிறார்கள். 2025-க்குள் இந்நோய் ஒழிந்துவிடும் என்றார்களே, என்ன ஆயிற்று?
– ஒரு வாசகி, மன்னார்குடி வட்டம்

பதில்: மாத்திரையை நிறுத்த விடாதீர்கள். வேகமாகப் பெருகும் கிருமிகள் முதல் இரண்டு மாதங்களில் பெரும்பாலும் மடிந்துவிடுவதால் இருமல் நிற்கிறது. மந்தமாகப் பதுங்கிக் கிடப்பவற்றை அழிக்கத்தான் அடுத்த நான்கு மாத மாத்திரைகள். பாதியில் விட்டால் நோய் திரும்புவதோடு, மருந்துக்குக் கட்டுப்படாததாகவும் மாறக்கூடும். சிறுநீர் செம்மஞ்சளாகப் போவதைக் கண்டு அஞ்சி நிறுத்துவோரும் உண்டு. அது ரிஃபாம்பிசின் மருந்தின் நிறமேயன்றி இரத்தமன்று. இரண்டாம் மாத முடிவில் செய்ய வேண்டிய சளிப் பரிசோதனை ஆகிவிட்டதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நடமாட முடிகிறவர்களில் பெரும்பாலோரை மருத்துவமனையில் சேர்க்கத் தேவையில்லை. வீட்டிலிருந்தே மருந்து உண்பவர்களும் சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையில் தங்கியவர்களைப் போலவே குணமடைகிறார்கள் என்பதை, 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வே உலகுக்குக் காட்டியது. படுக்கை தேவைப்படுவோர் எவர் என்பதை, எடை, கால் வீக்கம், இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, துணையின்றி நிற்க முடிகிறதா என்பவற்றைக் கொண்டு தொடக்கத்திலேயே பிரித்தறியும் காசநோய் இறப்பில்லாத் திட்டம் 2022 முதல் தமிழகத்தில் நடந்து வருகிறது. தட்டு, தம்ளரைத் தனியே வைப்பதும் வீண் வேலை. நோய் காற்றில் பரவுவது, சன்னலைத் திறந்து வையுங்கள்.

இனி 2025. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், இந்தியாவில் ஆண்டுதோறும் இலட்சம் பேருக்கு 237 என்று 2015-இல் இருந்த புதிய நோயாளிகளின் எண்ணிக்கை, 2024-இல் 187 ஆயிற்று. குறைந்தது உண்மை, ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தது என்பதும் உண்மை. உலகம் 2030-க்கு வைத்த இலக்கை ஐந்தாண்டு முன்னதாகவே எட்டுவோம் என்று இந்திய அரசு சொன்னது, என் கணிப்பில், பேராசை. 2019–2021-இல் நடந்த தேசியக் கணக்கெடுப்பில், அறிகுறி இருந்தவர்களில் ஏறத்தாழ 64 விழுக்காட்டினர் சிகிச்சையே தேடியிருக்கவில்லை. நம் பக்கத்திலும் பதர்த்தூசி, பீடி, மார்கழிப் பனி என்று இருமலுக்கு ஒரு காரணம் எப்போதும் தயாராக இருக்கிறது. தங்கள் மாமனாரின் மூன்று மாதங்களும் அப்படிக் கழிந்தவையாகவே இருக்கக்கூடும்.

சிகிச்சைக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்து உதவித்தொகை வங்கிக் கணக்கில் வரும். முட்டைக்கும் பருப்புக்கும் ஆகும், இழந்த கூலிக்கு ஈடாகாது. ஆயினும் விடாமல் கேட்டுப் பெறுங்கள். அடுத்த முறை மாத்திரை வாங்கச் செல்லும்போது, வீட்டிலுள்ள அனைவரையும், குறிப்பாக ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் அதையும், பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.