பழைய மகிந்திரா தாருக்கு அட்வான்ஸ் கொடுத்தேன், பின் ஆக்சிலில் தண்ணீர் ஏறியிருக்கிறது: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: பொள்ளாச்சி பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. மழைக்காலத்தில் தோப்புக்குள் போய்வர 2021 மாடல் மகிந்திரா தார் டீசல் 4×4 ஒன்றை, கோவையில் பழைய கார் விற்கும் டீலரிடம் ரூ.11.6 லட்சத்துக்குப் பேசி, ரூ.50,000 அட்வான்ஸ் ஜிபே செய்தேன். கேரளப் பதிவு வண்டி. 'சிங்கிள் ஓனர், நோ ஆக்சிடென்ட், ஆஃப்ரோடு போகாத வண்டி' என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். பிறகு மெக்கானிக்கை அழைத்துப்போய்ப் பார்த்தால், பின் டிஃபரன்ஷியல் (பின் ஆக்சிலில் உள்ள கியர் பெட்டி) ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருக்கிறது. அடிப்பாகத்தில் புதுக் கறுப்பு பெயின்ட். லிஃப்ட் கிட், பெரிய டயர், இரும்பு பம்பர் வேறு. ஆர்.சி.யில் வங்கிக் கடன் நீங்கவில்லை. வேண்டாம் என்றால், "ரசீதில் 'உள்ளது உள்ளபடி' என்று போட்டிருக்கிறோம், அட்வான்ஸ் வராது" என்கிறார். என்ன செய்வது? வண்டியை எடுக்கலாமா?

பதில்: மீதிப் பணத்தில் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். டெலிவரி நோட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் பக்கத்துப் பலம் இப்போது முழுக்க இந்த இரண்டில்தான் இருக்கிறது.

காரணத்தைச் சொல்கிறேன். பொருள் விற்பனைச் சட்டம், 1930-ன் 16-ஆம் பிரிவுப்படி, அந்தப் பொருளை விற்பதையே தொழிலாகச் செய்பவரிடம் விவரம் கேட்டு வாங்கினால், அது விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பது எழுதாமலே ஒப்பந்தத்தில் அடங்கிய நிபந்தனை. ஆனால் வாங்குபவர் பொருளைச் சோதித்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்றும் அதே பிரிவு சொல்கிறது. உங்கள் மெக்கானிக் விரல் விட்டு ஆயிலைப் பார்த்துவிட்டார். இதற்குப் பிறகும் முழுப் பணம் கட்டி வண்டியை எடுத்தால், "தெரிந்துதானே எடுத்தார்" என்ற வாதம் டீலர் கைக்குப் போய்விடும்.

'உள்ளது உள்ளபடி' என்ற வரிக்கு வருவோம். அது வெற்று வரி அல்ல. சட்டம் தானாகத் தரும் நிபந்தனைகளை இரு தரப்பும் எழுத்தில் விலக்கிக்கொள்ள 62-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. ஆனால் டீலர் தன் வாயால் சொன்னதை அந்த வரி அழிக்காது. விவரம் சொல்லி விற்றால் பொருள் அந்த விவரத்தோடு பொருந்த வேண்டும் என்பது 15-ஆம் பிரிவு. பொய் சொல்லிப் பெற்ற சம்மதத்தை ரத்து செய்யும் உரிமை இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-ன் 17, 18, 19 பிரிவுகளில் இருக்கிறது.

இந்த 19-ஆம் பிரிவில் பலர் கவனிக்காத ஒரு விதிவிலக்கு உண்டு. விற்பவர் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் மறைத்திருந்தாலோ, அறியாமல் தவறாகச் சொல்லியிருந்தாலோ, சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் வாங்குபவரே கண்டுபிடித்திருக்க முடியும் என்றால், ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது. தெரிந்தே சொன்ன பொய்க்கு இந்த விலக்கு பொருந்தாது. எனவே டீலர் பேசாமல் இருந்திருந்தால் உங்கள் நிலை பலவீனம். அவர் எழுதி அனுப்பியதால்தான் பலம். அந்த வாட்ஸ்அப் செய்தியை அழிக்காதீர்கள், ஃபோனையும் மாற்றாதீர்கள். நீதிமன்றத்தில் மின்னணுச் சான்றாகத் தாக்கல் செய்ய பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டியிருக்கும். மூலச் செய்தி இருக்கும் ஃபோன் கையில் இருப்பது நல்லது.

அடுத்து, 'ஆஃப்ரோடு போகாத வண்டி' என்பது பொய் என்று எப்படி நிரூபிப்பது? பால் நிற ஆயில் ஒன்றே போதாது. ஓடையிலோ வெள்ளத்திலோ போகும்போது, சூடாக இருக்கும் ஆக்சில் ஹவுசிங் திடீரென்று குளிரும். உள்ளே காற்று சுருங்கி, பிரீதர் எனும் காற்றுக் குழாய் வழியாகவும் தேய்ந்த ஆயில் சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சும். கியர் ஆயிலோடு அது கலந்து அடிபட்டால் பால் நிறம் வரும். "மழையில் ரோட்டில் தேங்கிய தண்ணீரில் போனது" என்று டீலர் சொல்லலாம், அதுவும் நம்பக்கூடியதே. ஆகவே அடையாளங்களைச் சேர்த்துக் காட்ட வேண்டும்.

வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி, டீலர் முன்னிலையில், வீடியோ ஓடும்போதே பாருங்கள். சேஸிஸ் குறுக்குச் சட்டங்கள், டிரான்ஸ்ஃபர் கேஸ் (எஞ்சின் சக்தியை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் பெட்டி) அடியில் உள்ள தகடு, பின்பக்க லிங்க்குகளின் பிராக்கெட் ஆகியவற்றில் கல் இழுத்த கோடுகள் நீளவாக்கில் இருக்கும். மேலே பெயின்ட் அடித்திருந்தாலும் நகத்தால் தடவினால் பள்ளம் தட்டுப்படும். முன்பக்கம் இந்த வண்டியில் இன்டிபென்டென்ட் சஸ்பென்ஷன். லிஃப்ட் கிட் போட்டால் முன் டிரைவ் ஷாஃப்ட்டின் சாய்வு கூடி, அதன் மூட்டை மூடும் ரப்பர் உறையான சி.வி. பூட் கிழியும். உள்பக்க வீல் ஆர்ச்சில் கிரீஸ் தெறித்திருக்கிறதா பாருங்கள். ஆக்சிலுக்குச் சக்தி கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கையால் முறுக்கினால் அதன் மூட்டான கிராஸ் ஜாயின்ட்டில் ஆட்டம் இருக்கக் கூடாது. அங்கே செம்மண் நிறத் துரு கசிந்தால் கிரீஸ் போய்விட்டது என்று அர்த்தம். ஏர் ஃபில்டர் பெட்டியின் அடியில் சேறு காய்ந்த கோடு இருந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். டீசல் எஞ்சின் தண்ணீரைக் குடித்தால் கனெக்டிங் ராட் வளையும், அது பெரிய செலவு. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சுருளின் உள்முனையில் படிந்த சேற்றுக் கோட்டை வாட்டர் சர்வீஸ் எடுக்காது.

4×4 வேலை செய்கிறதா என்பதைத் தார் ரோட்டில் சோதிக்காதீர்கள். இது பார்ட்-டைம் 4×4, அதாவது தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கர டிரைவ் போடும் வகை, பிடிமானமுள்ள ரோட்டில் வளைத்தால் டிரைவ் லைன் இறுகும். மண்தரையில் வண்டியை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, 4எல் (நான்கு சக்கர டிரைவின் குறைவேக நிலை) போடுங்கள். சிறு மேட்டில் முதல் கியரில் ஏற்றி, ஆக்சிலேட்டரை விட்டு இறக்குங்கள். லோடு மாறும் அந்த நொடியில் லீவர் தானாகக் கழன்றால் டிரான்ஸ்ஃபர் கேஸைப் பிரிக்க வேண்டிவரும். ஆர்.சி.யிலும் இன்வாய்ஸிலும் வேரியன்ட் பெயரைப் பார்த்து 4×4 என்று உறுதி செய்துகொள்ளுங்கள். 2023 ஜனவரியில் பின்சக்கர டிரைவ் தாரும் வந்துவிட்டது. 2021 வண்டி என்பதால் உங்களுக்கு அந்தச் சந்தேகம் குறைவு.

'நோ ஆக்சிடென்ட்' என்பதைச் சரிபார்க்க இன்சூரன்ஸ் பாலிசியில் நோ கிளெய்ம் போனஸ் வரியைப் பாருங்கள். கிளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்கு அது 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். ஒரே ஓனர், இடைவெளி இல்லாமல் புதுப்பித்த பாலிசி, ஆனால் போனஸ் பூஜ்யம் என்றால், முந்தைய ஆண்டில் கிளெய்ம் போட்டிருக்க வாய்ப்பு அதிகம். பதிவு உரிமையாளர் தன் இமெயிலில் இருந்து இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் கிளெய்ம் விவரம் கேட்டு உங்களுக்கு அனுப்பலாம். கம்பெனி சர்வீஸ் சென்டரின் ஜாப் கார்டு பட்டியலும் இதே வழியில் கிடைக்கும். இவை தரும் சான்று மெக்கானிக்கின் வாய்மொழியைவிடப் பல மடங்கு உறுதியானது.

லிஃப்ட் கிட், டயர், பம்பர் மூன்றும் தனிப் பிரச்சினை. தயாரிப்பாளரின் விவரக்குறிப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு. கேரளத்திலிருந்து போன வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. 182ஏ(4)-ன்படி உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது இரண்டும். பம்பர் கார்டுகளுக்கு எதிராக மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. இந்த வண்டிக்குக் கம்பெனி டயர் வேரியன்ட்டைப் பொறுத்து 245/75 ஆர்16 அல்லது 255/65 ஆர்18. ஆர்.சி. உங்கள் பெயருக்கு வந்த பிறகு பொறுப்பும் உங்களுடையது. விபத்து கிளெய்ம் போடும்போதும் இன்சூரன்ஸ் சர்வேயர் கண்ணில் முதலில் படுவது இவைதான்.

அட்வான்ஸ் விஷயத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வெறுமனே மனம் மாறி வேண்டாம் என்றால், டீலருக்கு ஏற்பட்ட நியாயமான இழப்பை ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவுப்படி அவர் பிடிக்க இடமுண்டு. உங்கள் நிலை அப்படியல்ல. தவறான தகவலால் ஒப்பந்தத்தை ரத்து செய்கிறீர்கள். அப்படி ரத்தானால் வாங்கியதைத் திருப்ப வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 64-ஆம் பிரிவு. அதனால் கடிதத்தில் 'எனக்கு விருப்பமில்லை' என்று எழுதிவிடாதீர்கள். இப்படி எழுதுங்கள்:

"இன்ன தேதி வாட்ஸ்அப்பில், சிங்கிள் ஓனர், விபத்து இல்லை, ஆஃப்ரோடு போகவில்லை என்று நீங்கள் தெரிவித்ததை நம்பி ரூ.50,000 செலுத்தினேன். இன்ன தேதி உங்கள் இடத்தில் நடந்த சோதனையில் பின் டிஃபரன்ஷியல் ஆயிலில் தண்ணீர் கலந்திருப்பதும், அனுமதியற்ற மாற்றங்களும், நீங்காத வங்கிக் கடனும் தெரியவந்தன. இவை உங்கள் விவரத்துக்கு முரணானவை. ஒப்பந்தத்தை ரத்து செய்கிறேன். 15 நாளுக்குள் முழுத்தொகையைத் திருப்பவும்."

'முரணானவை' என்ற சொல்லுக்குக் கீழே படங்களை எண் போட்டு இணையுங்கள். வங்கிக் கடன் பற்றி முன்பே சொல்லியிருந்தால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். ஒரு தவறான வரி முழுக் கடிதத்தையும் கெடுக்கும். ஸ்பீட் போஸ்டிலும் இமெயிலிலும் அனுப்புங்கள்.

பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியுங்கள். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன்படி நீங்கள் வசிக்கும் இடத்திலேயே போடலாம். செலுத்திய தொகை ரூ.5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. கால வரம்பு 2 ஆண்டு. "நான் வெறும் புரோக்கர்" என்று டீலர் நழுவினால், ரசீது யார் பெயரில் இருக்கிறது, பணம் எந்தக் கணக்கில் போனது என்பதைக் காட்டுங்கள். 2023 ஏப்ரல் முதல் பழைய வாகன டீலர்களுக்கு ஆர்.டி.ஓ. அங்கீகாரச் சான்றிதழ் முறை வந்திருக்கிறது. அது இருக்கிறதா என்றும் கேளுங்கள். இரு தனிநபர்களுக்கு இடையிலான விற்பனை என்றால் நுகர்வோர் ஆணையம் கிடையாது, சிவில் நீதிமன்றம்தான்.

வண்டியை எடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தண்ணீர் கலந்த ஆயிலாலேயே வண்டி குப்பையாகிவிடாது. வடித்துக் கழுவி, சீல் மாற்றி, புது ஆயில் ஊற்றி ஓட்டும்போது ஊளைச் சத்தம் இல்லை, வடிபிளக் காந்தத்தில் உலோகச் செதில்கள் இல்லை என்றால் அது தாங்கும். என் கருத்தில் இங்கே தயக்கம் தருவது வண்டியைவிட, அதைப் பற்றிச் சொன்ன பொய்தான். ஆனாலும் விலை நன்றாக இறங்கி, எடுக்க நினைத்தால் இவற்றை எழுத்தில் வாங்குங்கள்: டீலர் செலவில் கம்பெனி டயரும் பம்பரும் மாற்றி லிஃப்ட் கிட் அகற்றுவது, டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் இரு டிஃபரன்ஷியல்களுக்கும் 6 மாதப் பொறுப்பு, ஆர்.சி. மாறாவிட்டால் இன்ன தேதிக்குள் முழுப் பணமும் திருப்புவது.

பணத்தை இரண்டாகப் பிரியுங்கள். வங்கி பாக்கியை நேராகக் கடன் கணக்கிலேயே கட்டி, வங்கியின் தடையில்லாச் சான்றும், ஆர்.சி.யில் கடனை நீக்குவதற்கான படிவம் 35-ம் பெறுங்கள். கேரள ஆர்.டி.ஓ.விடமிருந்து படிவம் 28 என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), உரிமை மாற்றத்துக்கான கையெழுத்தான படிவம் 29, 30 வந்த பிறகு மீதி. தமிழ்நாட்டில் வண்டியின் வயதுக்கேற்ப வாழ்நாள் வரி மீண்டும் கட்ட வேண்டும், அதையும் விலையில் கணக்கிடுங்கள். எந்தத் தவணையும் ரொக்கமாக வேண்டாம், ரூ.2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது.

வண்டி கைக்கு வந்த 14 நாளுக்குள் இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். மூன்றாம் நபர் காப்பு தானாக உங்களுக்கு மாறும். உங்கள் வண்டிச் சேதத்துக்கான காப்பு மாறாது.