குழந்தைகளுக்கு நன்றியுணர்வு வர, குடும்பமாகச் சேர்ந்து என்ன கைவேலை செய்யலாம்?

என்னைக் கேட்டால், செய்கிற பொருள் யாராவது ஒருவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். எல்லாரும் சொல்கிற 'நன்றி மரம்' சுவரில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் இலைகளில் 'அம்மா, அப்பா, பள்ளி, வீடு' என்று எழுதி ஒட்டியதோடு பிள்ளையின் யோசனை நின்றுவிடுகிறது. யார், என்ன செய்தார்கள் என்பது அதில் வருவதே இல்லை.

எங்கள் வீட்டில் நிலைத்தது மூன்று கதவு அட்டை. கெட்டியான தாளை நீளவாக்கில் இரண்டாக மடியுங்கள். மேல்பக்கத்தை மட்டும், மடிப்பு வரைக்கும், இரண்டு இடத்தில் வெட்டினால் மூன்று கதவுகள் கிடைக்கும். முதல் கதவுக்குள், அவர் ஏன் எனக்காக இதைச் செய்தார். இரண்டாவதில், அதற்காக அவர் என்ன சிரமப்பட்டார். மூன்றாவதில், அதனால் எனக்கு என்ன நல்லது நடந்தது. எழுதலாம், வரையலாம்.

இந்த மூன்று கேள்விகளும் உளவியலாளர் ஜெஃப்ரி ஃப்ரோவும் அவர் குழுவும் 2014-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து எடுத்தவை. 8 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு வகுப்பில் இப்படி யோசிக்கப் பழக்கினார்கள். பிறகு பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு நன்றி அட்டை எழுத வாய்ப்புக் கொடுத்தபோது, பழகிய பிள்ளைகள்தான் அதிகம் எழுதினார்கள்.

இரண்டாவது கதவுதான் உயிர். சைக்கிள் கற்றுக்கொடுத்த சித்தப்பாவுக்கு என் மகள் அட்டை செய்தாள். 'ஜாலியா இருந்துச்சு' என்று மூன்றாவது கதவை உடனே முடித்துவிட்டாள். இரண்டாவதில் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். அப்புறம், "சித்தப்பா சீட்டைப் பிடிச்சுக்கிட்டு குனிஞ்சே ஓடி வந்தாருல்ல, முதுகு வலிச்சிருக்குமோ?" என்றாள். சைக்கிளுக்குப் பின்னால் வளைந்து ஓடும் ஒரு ஆளை வரைந்து, முதுகில் சிவப்பு ஸ்கெட்சால் கோடு கோடாகப் போட்டாள். நான் எவ்வளவு எடுத்துச் சொல்லியிருந்தாலும் அந்தச் சிவப்புக் கோடு வந்திருக்காது. கை வேலையாக இருக்கும்போதுதான் பிள்ளைகளுக்கு இப்படித் தோன்றுகிறது.

யார் கைக்கும் போகாத ஒன்றையும் விதிவிலக்காகச் சொல்கிறேன்: சட்டைச் சங்கிலி. பிள்ளை போட்டிருக்கிற சட்டையை எடுத்துக்கொண்டு, இது நம்மிடம் வர யார் யார் உழைத்தார்கள் என்று பின்னோக்கிப் போங்கள். கடையில் மடித்து வைத்தவர், வண்டி ஓட்டியவர், பொத்தான் தைத்தவர், சாயம் போட்டவர், நெய்தவர், நூல் நூற்றவர், பருத்தி பறித்தவர். ஆளுக்கு ஒரு வண்ணத்தாள் வளையம். பிள்ளைகள் விடமாட்டார்கள், 'அந்த வண்டியைச் செய்தது யாரு?' என்று ஆரம்பித்துவிடுவார்கள். தாள் தீரும்வரை விடுங்கள்.

மூன்று, நான்கு வயதென்றால் கையை வைத்து வரைந்து வண்ணம் தீட்டினாலே போதும். பிள்ளை சொல்வதை நீங்கள் அப்படியே எழுதுங்கள், திருத்தாதீர்கள்.

டப்பாவில் நன்றிச் சீட்டு போடுவதும் நல்லதுதான், ஆனால் தினமும் வேண்டாம். உளவியலாளர் சோன்யா லியுபோமிர்ஸ்கி பெரியவர்களிடம் நடத்திய ஆய்வில், வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்குத்தான் பலன் தெரிந்தது. வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்கு இல்லை. பிள்ளைகளுக்கும் தினமும் என்றால் அது வீட்டுப்பாடம் ஆகிவிடும்.

தயவுசெய்து திட்டிய கையோடு 'போய் நன்றி அட்டை செய்' என்று உட்கார வைக்காதீர்கள். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து உங்களுக்கென்று ஒரு அட்டை செய்யுங்கள். பிள்ளைக்கு யாரும் நினைவுக்கு வரவில்லையென்றால், 'இன்னைக்கு உனக்காக யாராவது காத்துக்கிட்டு இருந்தாங்களா?' என்று கேட்டுப் பாருங்கள். அதிலிருந்து ஒரு பெயர் அநேகமாக வந்துவிடும்.